இருபது வருடம் கழித்து ஸ்பைடர்மேனைத் திறந்தேன், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை

கேள்வி, 2 மார்ச்

சின்ன வயதில் லயன், முத்து காமிக்ஸ். காலேஜ் நாட்களில் பிளாட்பாரத்தில் கிடைத்த பேட்மேன், ஸ்பைடர்மேன். 2003 வாக்கில் வேலை, கல்யாணம் என்று விட்டுப்போனது. போன வாரம் ஆசைப்பட்டு ஒரு புது ஸ்பைடர்மேன் இதழ் வாங்கினேன். ஒன்பது பேர் வருகிறார்கள், இரண்டு பேரைத்தான் அடையாளம் தெரிகிறது. யாரோ செத்துப்போனதற்கு எல்லோரும் அழுகிறார்கள், செத்தது யாரென்றே தெரியாமல் நானும் துக்கம் விசாரித்துவிட்டு வந்தேன். திரும்பி வர வழி இருக்கிறதா, இல்லை முதல் இதழிலிருந்து படிக்க வேண்டுமா? அப்படியென்றால் ரிடையர் ஆன பிறகுதான்.

2 மார்ச், இரவு

முதல் இதழிலிருந்து வேண்டவே வேண்டாம். நான் அதைச் செய்து பார்த்து மூன்றே மாதத்தில் படுத்துவிட்டவன்.

"நம்பர் 1" என்று போட்ட புது இதழாகப் பார்த்து வாங்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். சூப்பர்மேன் பிறந்த ஆக்‌ஷன் காமிக்ஸின் முதல் இதழ் 1938. அங்கிருந்து ஓடி 2011இல் 904வது இதழோடு நிறுத்தினார்கள். உடனே மறுபடி 1லிருந்து ஆரம்பம். 52 இதழ் போனது. 2016இல் மனசு மாறி, அந்த 52ஐயும் பழைய கணக்கில் கூட்டி, 957 என்று தொடர்ந்தார்கள். ஸ்பைடர்மேனுக்கும் இப்படிப் பல நம்பர் 1கள் உண்டு. அந்த எண் வியாபாரத்துக்குப் போட்டது, நமக்கு வழிகாட்ட இல்லை.

நான் திரும்பி வந்த வழி வேறு. ஒன்-ஷாட். எடுத்த புத்தகத்துக்குள் கதை முடிய வேண்டும், உலகம் அழியக் கூடாது, ஒரு ஆளைப் பற்றியதாக இருக்க வேண்டும். இந்த மூன்றுதான் என் நிபந்தனை.

முதலில் இதைப் படியுங்கள்: 1984இல் வந்த அமேசிங் ஸ்பைடர்மேன் 248வது இதழில் பின்பக்கம் ஒரு குட்டிக் கதை இருக்கிறது. மொத்தம் 11 பக்கம். ரோஜர் ஸ்டெர்ன் எழுத்து, ரான் ஃப்ரென்ஸ் ஓவியம். ஸ்பைடர்மேனைப் பற்றி எது கிடைத்தாலும் சேர்த்து வைக்கும் ஒரு பையனைப் பார்க்க ஸ்பைடர்மேனே ராத்திரி ஜன்னல் வழியாக வருகிறார். பேப்பர் கட்டிங், பழைய படச்சுருள், அவரை நோக்கிச் சுட்ட துப்பாக்கிக் குண்டுகள் என்று பையன் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறான். சண்டை கிடையாது. பேசிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் பையன் ஒன்று கேட்கிறான், ஸ்பைடர்மேன் முகமூடியைக் கழற்றுகிறார். பையன் செத்துப்போகும் அந்த முடிவு வரைக்கும் சத்தமே இல்லாமல் போகும்.

இதற்கு மேல் சொன்னால் கெட்டுவிடும்.

3 மார்ச்

விலை கேட்டிருந்தீர்கள். புது இதழ் ஒன்று 4 டாலர், 5 டாலர். இருபது பக்கத்துக்குக் கொஞ்சம் மேலே. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தொகுப்பாக வாங்குவதுதான் கட்டுப்படியாகும். டிஜிட்டலில் படிக்க உங்களுக்குப் பிடிக்குமானால் இன்னும் சல்லிசு. எனக்கு அதில் கட்டம் கட்டமாகப் பெரிதாகிக்கொண்டே போவது ஒத்துவரவில்லை. பக்கத்தை முழுசாகப் பார்க்காமல் எப்படி?

5 மார்ச்

மேலே ஒரு தப்பு செய்துவிட்டேன். நேற்று அந்த 11 பக்கத்தையும் எடுத்து மறுபடி படித்தேன். பையன் சாவதே இல்லை! இத்தனை வருடமாக அவன் செத்ததாகவே எனக்கு ஞாபகம். படுக்கை, பக்கத்தில் அழும் ஸ்பைடர்மேன் எல்லாம் சேர்த்து நானே ஒரு பக்கம் வரைந்து வைத்திருக்கிறேன் போலிருக்கிறது. உண்மையில் நடப்பது, ஸ்பைடர்மேன் ஜன்னல் வழியே இறங்கிப் போகிறார். அந்தக் கட்டடத்தின் வாசல் பலகை தெரிகிறது. புற்றுநோய் மருத்துவமனை. இடையிடையே ஓடிவந்த பத்திரிகைச் செய்தியின் கடைசிப் பத்தி, பையனுக்கு ரத்தப் புற்று, இன்னும் சில வாரங்கள்தான் என்கிறது. அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது மகள் பக்கத்தில் இருந்தாள். ஒன்பது வயது. தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். முகமூடி கழற்றும் இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"அப்பா, அவன் ஸ்கூல்ல போய் சொல்லிட்டா?"

மாட்டான் என்றேன்.

"எப்படித் தெரியும்?"

அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அவளே திருப்பியிருந்தாள். பலகையில் இருந்த ஆங்கில வார்த்தையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் சாப்பிடும்போது, "அதனாலதான் அவன்கிட்ட மட்டும் சொன்னாரா?" என்றாள். எனக்கு இது நாற்பது வயதில்தான் உறைத்தது.

5 மார்ச், கொஞ்சம் கழித்து

இல்லை, அவள் சொன்னதிலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ரகசியம் வெளியே போகாது என்பதற்காகவா சொன்னார்? அப்படியென்றால் அது கணக்கு. பையன் கேட்டான், இவரால் மறுக்க முடியவில்லை, அதனால் சொன்னார் என்றுதான் ரான் ஃப்ரென்ஸ் முகத்தை வரைந்திருக்கிறார். மகளிடம் இதைச் சொல்லவில்லை. பத்தாவது படிக்கும்போது அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

6 மார்ச்

"லயனில் வந்த ஸ்பைடரைச் சொல்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயோ, இல்லை. லயன் ஸ்பைடரான நம் கூர்மண்டையர் வேறு, சிலந்தி மனிதரான ஸ்பைடர்மேன் வேறு. கூர்மண்டையர் பிரிட்டிஷ்காரர், 1965இல் வந்தவர், குற்றச் சக்கரவர்த்தி ஆகப்போகிறேன் என்று சபதம் போட்டுக் கிளம்பி அப்புறம் திருந்தியவர்.

ஆனால் கேள்வி வந்ததும் நல்லதாகப் போயிற்று. அந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை 1966இலிருந்து எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இரண்டு பேரில் ஒருவர். அவரேதான்! சொந்தப் பாத்திரத்தின் உரிமைக்காகக் கம்பெனியோடு வழக்காடி, அங்கே வேலை இல்லாமல் போய், கடல் தாண்டி லண்டன் வாரப் பத்திரிகைக்கு எழுதிக்கொடுத்தார். அது லயன் வெளிவரும் சிவகாசி வழியாக நம் கைக்கு வந்தது. சூப்பர்மேனை ஆங்கிலத்தில் பார்ப்பதற்கு முன்பே சூப்பர்மேனின் தகப்பனை நாம் தமிழில் படித்திருக்கிறோம்.

9 மார்ச்

கேள்வி கேட்டவர் ஆல்-ஸ்டார் சூப்பர்மேன் வாங்கிவிட்டாராம். நல்ல கை. கிராண்ட் மாரிசன் எழுத்து, ஃபிராங்க் க்வைட்லி ஓவியம், 2005 முதல் 2008 வரை 12 இதழ். முன்கதை எதுவும் வேண்டாம். முன்கதையை முதல் பக்கத்திலேயே நான்கு கட்டம், எட்டு ஆங்கில வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்: அழியும் கிரகம், தவிக்கும் விஞ்ஞானிகள், கடைசி நம்பிக்கை, அன்பான தம்பதி. நாங்கள் படித்த நாட்களில் இதையே மூன்று பக்கத்துக்கு இழுப்பார்கள்.

சூப்பர்மேனுக்குச் சாவு நெருங்கிவிட்டது, என்னென்ன வேலையை முடித்துவிட்டுப் போவது என்பதுதான் கதை. 12இல் நடுநடுவே தொய்வு உண்டு, மறைக்க மாட்டேன். தலைகீழ் உலகம் வரும் இரண்டு இதழை நான் இன்றுவரை ஒழுங்காகப் படித்ததில்லை. ஆனால் பத்தாவது இதழை மட்டும் தனியாக எடுத்துப் படியுங்கள். ஒரே நாளில் நடக்கிறது. உயில் எழுதுகிறார், ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழந்தைகளைப் பார்க்கிறார், நடுவில் ஒரே ஒரு பக்கம். உயரமான கட்டடத்தின் விளிம்பில் ஒரு பெண் நிற்கிறாள். கையிலிருந்த போன் கீழே விழுகிறது. சூப்பர்மேன் பின்னால் வந்து நின்று, உன் டாக்டர் நிஜமாகவே வழியில் மாட்டிக்கொண்டார், வராமல் ஏமாற்றவில்லை, நீ நினைப்பதைவிட உனக்குத் திடம் அதிகம் என்ற மாதிரி சொல்கிறார். அவள் திரும்பி அவரைக் கட்டிக்கொள்கிறாள். முடிந்தது.

கவனியுங்கள், அவர் பறந்து வந்து தூக்கவில்லை. தூக்க அவருக்கு அரை வினாடி ஆகாது.

10 மார்ச்

நேற்று எழுதியதில் விட்டுப்போனது. டாக்டர் மாட்டிக்கொண்டார் என்று சூப்பர்மேன் சொல்வதை ஆறுதலுக்குச் சொன்ன பொய் என்றே பல வருடம் நினைத்திருந்தேன். இல்லை. சில பக்கத்துக்கு முன்னால், நெருக்கடியின் நடுவே ஒருவர் போனில் அதே பெண்ணின் பெயரைச் சொல்லிப் பதறிக்கொண்டிருக்கிறார். சின்னதாக ஒரு மூலையில். நான்காவது தடவை படிக்கும்போதுதான் பார்த்தேன். எல்லா ஊர்ச் சத்தமும் காதில் விழும் ஆள், அந்தப் போனையும் கேட்டிருக்கிறார்.

14 மார்ச்

"தனிக்கதை என்றால் கில்லிங் ஜோக்தானே, அதை ஏன் சொல்லவில்லை?" என்று மூன்று பேர். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

1988இல் வந்த பேட்மேன் கதை. ஆலன் மூர் எழுத்து, பிரையன் போலண்ட் ஓவியம். ஓவியத்துக்கு நான் அடிமை. கதையில் போலீஸ் கமிஷனர் கார்டனின் மகளை வில்லன் ஜோக்கர் சுடுகிறான், எதற்கென்றால் அப்பாவைப் பைத்தியமாக்க. அதோடு அவளுக்குக் கதையில் வேலை முடிந்தது. எழுதிய மூரே பின்னாளில் அந்தப் புத்தகத்தின் மேல் திருப்தி இல்லை என்று சொன்னவர். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று யோசித்தவர்கள் ஜான் ஆஸ்ட்ராண்டர், கிம் யேல் என்ற இரண்டு எழுத்தாளர்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லா ஹீரோக்களுக்கும் தகவல் தரும் ஆரக்கிளாக 1989இல் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அந்தக் கதைகளுக்காக வேண்டுமானால் கில்லிங் ஜோக்கைப் படியுங்கள். இருபது வருடம் கழித்து வருகிறவருக்கு முதல் புத்தகமாக அதைக் கொடுப்பது, ஊரிலிருந்து வந்த விருந்தாளிக்கு முதல் வேளையே பாகற்காய் பொரியல் வைப்பது மாதிரி.

பேட்மேன் வேண்டுமென்றால் 1976இல் வந்த டிடெக்டிவ் காமிக்ஸ் 457. டென்னி ஓ'நீல் எழுத்து, டிக் ஜியோர்டானோ ஓவியம். பெற்றோர் சுடப்பட்ட சந்துக்கு வருடம் ஒருமுறை போகிறார் பேட்மேன். அன்று ராத்திரி அநாதையாக நின்ற பையனைச் சேர்த்தணைத்த பெண் இப்போது கிழவி, இன்னமும் அதே தெருவில் இருக்கிறாள். தான் ஆறுதல் சொன்ன பையன்தான் இந்தக் கறுப்பு உடைக்காரன் என்பது அவளுக்குத் தெரியாது. ஒருவன் அவளை நோக்கித் துப்பாக்கியை நீட்டியதும் பேட்மேனுக்கு நிதானம் போய்விடுகிறது. வருடா வருடம் திவசத்துக்குப் போகிற கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு விளக்கமே தேவைப்படாது.

15 மார்ச்

பாகற்காய் பிடித்தவர்கள் மன்னிக்கவும். எனக்கும் பிடிக்கும்.

22 மார்ச்

ஒரு வாரமாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. முன்கதை தெரியாமலே படிக்கலாம் என்று அடித்துச் சொல்லிவிட்டேனே, அது நிஜமா?

1985இல் வந்த சூப்பர்மேன் ஆண்டு மலர் 11. இதுவும் ஆலன் மூர்தான், ஓவியம் டேவ் கிப்பன்ஸ். நான் சிபாரிசு செய்யும் ஐந்தில் ஒன்று. சூப்பர்மேனுக்குப் பிறந்தநாள். பேட்மேன், ராபின், வொண்டர் வுமன் மூவரும் பரிசோடு வருகிறார்கள். அவர் சிலையாக நிற்கிறார். நெஞ்சில் ஒரு செடி பற்றிப் பிடித்திருக்கிறது. யார் மேல் ஒட்டுகிறதோ அவர் மனதார ஆசைப்படும் வாழ்க்கையைக் கனவாகக் காட்டும் செடி. அவர் கனவில், அவர் பிறந்த கிரகமான கிரிப்டான் வெடிக்கவில்லை. அவருக்கு மனைவி, ஒரு மகன், ஒரு மகள். கனவு மெல்லக் கிழியும்போது மகனைக் கட்டிக்கொண்டு, நீ நிஜம் என்று எனக்குத் தோன்றவில்லையடா என்று அவனிடமே சொல்ல வேண்டியிருக்கிறது.

இதைச் சூப்பர்மேனே தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தேன், அலுவலகத்தில் பக்கத்து சீட். "கிரகம் வெடிக்கலன்னா நல்லதுதானே, அதுல என்ன சோகம்?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முன்கதை இல்லாத கதை இல்லை இது. ஊருக்கே தெரிந்த முன்கதை மட்டும் போதும் என்ற கதை. கிரகம் வெடித்தது, சந்தில் பேட்மேனின் அப்பா அம்மா செத்தார்கள், மாமா சாவுக்குத் தானே காரணம் என்று ஸ்பைடர்மேன் நினைக்கிறார். நம் தெருக்கூத்தில் கர்ண மோட்சம் போடுகிறவர்கள் குந்தி ஆற்றில் விட்டதிலிருந்தா ஆரம்பிக்கிறார்கள்? உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். நேரே கடைசிப் போருக்கு வந்துவிடலாம்.

ஆக, கேள்வி கேட்டவரே, உங்களுக்கு இந்த முன்கதை எல்லாம் பிளாட்பாரக் கடையிலேயே கிடைத்துவிட்டது. இருபது வருடம் விட்டுப்போனதால் அது எங்கும் போய்விடவில்லை. நீங்கள் பயப்பட்டது நடுவில் சேர்ந்ததைப் பார்த்து.

23 மார்ச்

"அப்படியென்றால் தொடர்கதை படிக்கிறவன் முட்டாளா?" என்று சண்டைக்கு வந்திருக்கிறார் ஒருவர். அப்படிச் சொல்லவில்லை சார். பாகம் பாகமாக வந்த இரத்தப் படலம் காமிக்ஸுக்கு வருடக்கணக்கில் காத்துக் கிடந்த கூட்டத்தில் நானும் உண்டு. காத்திருப்பதில் ருசி உண்டு. பிளாட்பாரத்தில் வாங்குகிறவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்பதுதான் என் கட்சி.

1993இல் மேக்ஸிமம் கார்னேஜ் என்று ஒரு ஸ்பைடர்மேன் கதை. 14 பாகம். அதையும் ஒரே பத்திரிகையில் போடவில்லை, ஐந்து வெவ்வேறு ஸ்பைடர்மேன் தலைப்புகளில் மாற்றி மாற்றி. எனக்குக் கிடைத்தது ஆறாவதும் ஒன்பதாவதும். ஆறில் அடி வாங்கிக்கொண்டிருந்த ஸ்பைடர்மேன் ஒன்பதிலும் அடி வாங்கிக்கொண்டிருந்தார். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டதற்குக் கடைக்காரர், "அதே அடிதான் தம்பி" என்றார்.

4 ஏப்ரல்

ஹாக்ஐ. சினிமாவில் வில்லோடு ஓரமாக நிற்பாரே, அவர்தான். மேட் ஃபிராக்‌ஷன் எழுத்து, டேவிட் ஆஹா ஓவியம், 2012 முதல் 2015 வரை 22 இதழ். அவெஞ்சர்ஸ் வேலை இல்லாத நாட்களில் இந்த மனுஷன் என்ன செய்கிறார் என்பதுதான் மொத்தமும். வாடகையை ஏற்றி மிரட்டும் ரவுடிகளிடமிருந்து தான் குடியிருக்கும் கட்டடத்தையே வாங்குகிறார். அந்த ரவுடிகள் எல்லா வாக்கியத்திலும் "ப்ரோ" போடுவார்கள். 2012இல் அது தமாஷ். இன்று என் ஆபீஸே அப்படித்தான் பேசுகிறது.

இதில் பதினொன்றாவது இதழ், 2013, காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னரை வாங்கியது. முழுக்க அவர் வளர்க்கும் நாயின் பார்வையில். மாடியில் ஒரு கொலை, நாய் துப்பறிகிறது. நாய்க்கு மனுஷர் பேச்சு புரியாது இல்லையா, அதனால் பேச்சுக் குமிழிகளில் பாதி வெறும் கிறுக்கல். தன் பெயர், வா, போ மாதிரி ஒன்றிரண்டு சொல் மட்டும் தெளிவாக இருக்கும். ஒவ்வொரு ஆளையும் சுற்றிச் சின்னச் சின்னப் படங்கள்: காபி, பீட்சா, ரத்தம், சலவைத்தூள். அதாவது வாசனை. அந்த ஆள் எங்கெல்லாம் போய் வந்தார் என்று நாய் மோந்து கண்டுபிடிப்பதை நாம் கண்ணால் படிக்கிறோம்.

ஆங்கிலம் படிக்க வராத என் அம்மாவிடம் இதைக் கொடுத்தேன். முக்கால்வாசி புரிந்துகொண்டார். "இது நம்ம ராஜா மாதிரியேல்ல இருக்கு" என்றார். ராஜா, ஊரில் எங்கள் வீட்டில் இருந்த நாய். சூப்பர்ஹீரோ புத்தகம் என்று கடைசிவரை நான் சொல்லவில்லை.

19 ஏப்ரல்

எனக்கு ஒத்துவராததையும் சொல்லிவிடுகிறேன். மிஸ்டர் மிரக்கிள், டாம் கிங் எழுத்து, மிட்ச் ஜெராட்ஸ் ஓவியம், 2017இல் ஆரம்பித்து 12 இதழ். எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று வாங்கி, இரண்டாவது இதழோடு மூடிவிட்டேன். பக்கத்துக்கு ஒன்பது கட்டம், எல்லாம் ஒரே அளவு. பழைய காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பி 1971இல் படைத்த கடவுள்கள் வந்து போகிறார்கள். அவர்களை ஊருக்கே தெரியாது.

27 ஏப்ரல்

அவசரப்பட்டுவிட்டேன். மகளுக்குக் காய்ச்சல், நாலு நாள் வீட்டில். மிஸ்டர் மிரக்கிளை மறுபடி எடுத்தேன். மிஸ்டர் மிரக்கிளும் அவர் பெண்டாட்டியும் எதிரிக் காவலர்களை அடித்துக்கொண்டு, பொறிகளில் தப்பிக்கொண்டு ஒரு கோட்டைக்குள் போகிறார்கள். போகிற வழியெல்லாம் பேசுவது தங்கள் வீட்டில் எந்தச் சுவரை இடிப்பது, எப்படி மாற்றிக் கட்டுவது என்பதைப் பற்றி! போன வருடம் நாங்கள் சமையலறையை இடித்துக் கட்டினோம். ஆறு மாதம் அதே பேச்சு, ஆஸ்பத்திரி வரிசையிலும், கல்யாணப் பந்தியிலும். மனைவியைக் கூப்பிட்டு அந்தப் பக்கங்களைக் காட்டினேன். "இதுல நீ யாரு, அடிவாங்கறவனா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கிர்பியின் கடவுள்கள் யாரென்று இப்போதும் முழுசாகத் தெரியாது. ஒன்றும் குறையவில்லை. அப்போ மார்ச் 22ஆம் தேதி நான் எழுதியதிலும் பாதியை அடித்துவிடுங்கள்.

அதே டாம் கிங்கின் விஷன் இதைவிடச் சுலபம், 12 இதழ், 2015–16, கேப்ரியல் ஹெர்னாண்டஸ் வால்ட்டா ஓவியம். ஒரு செயற்கை மனிதர் தனக்கென மனைவி, இரண்டு பிள்ளைகளைச் செய்துகொண்டு வாஷிங்டன் பக்கம் ஒரு புறநகரில் குடிவருகிறார். பக்கத்து வீட்டார் பிஸ்கட் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், இவர்களுக்கோ சாப்பாடே கிடையாது. புது ஊரில் வாடகைக்குப் போய் வீட்டுக்காரரின் பார்வைக்கு அஞ்சி அஞ்சி நடந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். ராத்திரியில் படிக்காதீர்கள்.

18 மே

கேள்வி கேட்டவர் இதுவரை நான்கு புத்தகம் முடித்திருக்கிறார். கில்லிங் ஜோக்கையும் படித்துவிட்டு, பிடித்திருக்கிறது என்கிறார். போகட்டும்.

என் நிலைமைதான் சிரிப்பு. மேக்ஸிமம் கார்னேஜ் பதினாலு பாகமும் ஒரே தொகுப்பாகக் கையில் கிடைத்தது. ஏழையும் எட்டையும் முதலில் புரட்டினேன். கடைக்காரர் சொன்னது சரி, அதே அடிதான். இன்னொன்று: மார்க் வெய்ட் எழுதி டான் மோரா வரைந்த பேட்மேன்–சூப்பர்மேன் தொடரை ஒரு இதழ் பார்ப்போமே என்று எடுத்தேன். 2022இல் ஆரம்பித்தது. ஒன்-ஷாட் இல்லை, மாதம் ஒரு இதழாக வந்தது. ஐந்தாவது இதழ் முடித்து மணி பார்த்தால் ராத்திரி ஒன்றரை. ஆறாவது இன்னும் வந்து சேரவில்லை. கூரியர்காரருக்கு இரண்டு தடவை போன் போட்டுவிட்டேன்.